ஐந்தாவது வேடக்காரி

ஒரு மனிதப்பிறவியும் நம்பாத கதை ஒன்றைத் தருவதாக, ஜெபப்புத்தகத்தின் மேல் வலது கையையும் ரம் புட்டியின் மேல் இடது கையையும் வைத்துச் சத்தியம் செய்கிறேன். நான் அம்ப்ரோஸ் டோபின். நியூஃபவுண்ட்லாந்தின் வடகரையில் டாக்பெரித் தீவு என்று ஒன்று இருக்கிறது; வரைபடத்தில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தால் தீவு மொத்தமும் மறைந்துவிடும். அந்தத் தீவின் மீனவர்களில் பேரழகன் நான். என் மனைவி செலீனாவைத் தவிர யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம். என் தங்கை பெர்னடெட் ஓர் அயர்லாந்து மாலுமியைக் கட்டிக்கொண்டு கால்வேக்குப் போய்விட்டாள். அவள் மகள் ஃபினோலா, வீட்டாருக்கு மட்டும் நோலா, மாணவர் பரிமாற்றத்தில் ஒரு வருஷம் படிக்க எங்கள் தலைநகரமான செயின்ட் ஜான்ஸுக்கு வந்தாள். அப்போது அவளும் நானும் எழுதிக்கொண்டவை இவை. ஒரு கமாவைக்கூட நான் மாற்றவில்லை. மாற்றியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

*

செயின்ட் ஜான்ஸ்
20 செப்டம்பர் 1987

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். மாமாவின் முழங்கால் இப்போது மடங்குகிறதா? அத்தையின் இருமல் நின்றதா? இரண்டையும் மறக்காமல் கேட்கச் சொல்லி அம்மா என் பெட்டி மூடிக்குள் எழுதி ஒட்டியிருக்கிறாள்.

விடுதி குன்றின் மேல் இருக்கிறது. சன்னலிலிருந்து துறைமுகம் தெரியும் என்றார்கள். வந்த நாளிலிருந்து சன்னலில் மூடுபனிதான் தெரிகிறது. அறைத்தோழி யோலாண்ட், கியூபெக்காரி. அவள் சிரித்தால் கீழ்மாடியில் தட்டுகள் ஆடும். நல்லவள், ஆனால் அவளுக்கு ஏற்கெனவே ஒரு படை நண்பர்கள். இங்கே எல்லோருக்கும் அப்படித்தான். சாப்பாட்டுக்கூடத்தில் தட்டோடு நின்று, எந்த மேசையில் உட்காருவது என்று பார்ப்பேன். எல்லா மேசையும் நிரம்பியிருக்கும், அல்லது நிரம்பியதுபோலப் பார்ப்பார்கள். என் பெயரை ஒருவராலும் சொல்ல முடியவில்லை. 'ஃபி' என்று ஆரம்பித்து இருமி முடித்துவிடுகிறார்கள்.

கிறிஸ்துமஸ் வரை பார்ப்பேன், மாமா. இரண்டாம் பருவத்துக்கு ஜனவரியில் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் என் இடம் காத்திருக்கும் வேறொரு பெண்ணுக்குப் போகும். நான் ஊர் திரும்பலாம். அம்மாவிடம் மூச்சு விடாதீர்கள். எங்கள் தெருவிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான்.

இருவருக்கும் முத்தங்கள்,
நோலா

*

டாக்பெரித் தீவு
11 அக்டோபர் 1987

பாசமுள்ள மருமகள் நோலாவுக்கு,

இங்கே நானும் கோழிகளும் சௌக்கியம். உன் அத்தை சௌக்கியத்துக்கும் ஒருபடி மேல். முழங்கால் மடங்குகிறது, நிமிர்வதில்தான் கொஞ்சம் தகராறு.

மூடுபனி என்றா எழுதினாய்? நகரத்துப் பனியெல்லாம் ஒரு பனியா? போன ஆகஸ்டில் இங்கே விழுந்த பனியில் கொடிகட்டாமலேயே உன் அத்தை துணி உலர்த்தினாள். பனி கிளம்பியபோது என் ஞாயிற்றுக்கிழமைக் கால்சட்டையும் கூடவே கிளம்பிவிட்டது. போர்ச்சுகலில் ஒருவன் அதைப் போட்டுக்கொண்டு பூசைக்குப் போவதாகத் தகவல். அதே பனியில் நான் வழிதவறி என் அண்டைவீட்டுக்காரன் ஹெட்லியின் வீட்டுக்குள் போய், சாப்பிட்டு, தூங்கி, அவன் மாமியாரோடு சண்டையும் போட்டேன். சண்டையில் நான் ஜெயித்த பிறகுதான் வேற்றாள் என்று கண்டுபிடித்தார்கள்.

ஒன்று மட்டும் கேள். பனியில் நடக்கும்போது கோட்டுப் பையில் ஒரு துண்டு ரொட்டி வைத்துக்கொள். குன்றுகளில் சின்ன ஜனங்கள் உண்டு, மாயக் குட்டி மனிதர்கள். கூட்டமில்லாமல் தனியே நடப்பவளைக் கூப்பிடுவார்கள். ரொட்டி இருந்தால் கிட்டே வர மாட்டார்கள். வந்தாலும் ரொட்டியைத் தின்னக் கொடுத்துவிட்டு ஓடலாம்.

கிறிஸ்துமஸுக்குத் தபால் கப்பலில் இங்கே வந்துவிடு. வேடக்காரர்கள் வீடுவீடாக வருவார்கள். ஆண்கள் பாவாடையிலும் பெண்கள் கால்சட்டையிலும், தலையணை உறையோ லேஸ் திரையோ முகத்தில் போட்டுக்கொண்டு, குரல் தெரியாமலிருக்க மூச்சை உள்ளே இழுத்தபடி பேசுவார்கள். யார் யார் என்று வீட்டுக்காரன் கண்டுபிடிக்க வேண்டும். பெயரைச் சரியாகச் சொன்னால் திரையைத் தூக்குவார்கள். முடியாவிட்டால் தோற்றேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும், அப்போதும் தூக்குவார்கள். நான் தோற்றதில்லை. வட அட்லாண்டிக்கில் அப்படி ஒரே மனிதன் உன் மாமாதான்.

ஆசிகளுடன்,
அம்ப்ரோஸ் மாமா

பி.கு. இவர் சொல்றதுல முழங்கால் வலி மட்டும் நெசம். கம்பளிக் காலுறை ரெண்டு ஜோடி வச்சிருக்கேன். வந்துடு கண்ணு. – அத்தை

*

செயின்ட் ஜான்ஸ்
22 நவம்பர் 1987

அன்புள்ள மாமா, அத்தை,

காலுறை கதகதப்பாக இருக்கிறது. தீவின் தபாலாபீஸும் அத்தை கையில், பின்னல் ஊசியும் அத்தை கையில். பிறகு தபால் ஏன் தாமதமாகாது? ஹெட்லியின் மாமியாருக்கு என் அனுதாபங்களைச் சொல்லுங்கள்.

ஒன்றைச் சொல்லட்டுமா? போன வாரம் ஒரு வகுப்புக்கும் போகவில்லை. சோதித்துப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. கடல் உயிரியல் பேராசிரியர் வருகைப் பதிவு எடுக்கும்போது 'ஃபி' என்று இருமிவிட்டு, நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். சாப்பாட்டை அறைக்கே எடுத்துவந்து கட்டிலில் உட்கார்ந்து தின்கிறேன். சாயங்காலங்களில் கடலோரப் பாதையில் நடக்கிறேன். ரொட்டியெல்லாம் எடுத்துப் போவதில்லை, மாமா, கோபிக்காதீர்கள். அங்கே யாராவது கூப்பிட்டால் பரவாயில்லை என்றுதான் இருக்கிறது.

டிசம்பர் இருபத்திரண்டாம் தேதிக் கப்பலில் வருகிறேன். வேடக்காரர்களைப் பார்த்துவிட்டு, ஊர் திரும்புவதா என்று உங்கள் சமையலறையிலேயே முடிவு செய்கிறேன்.

உங்கள்
நோலா

*

டாக்பெரித் தீவு
28 டிசம்பர் 1987

எனக்கு முகம் காட்டாமல் போன மருமகளுக்கு,

நீ நலமா? எங்கே சாப்பிட்டாய்? காற்றால் கப்பல் துறைமுகத்தை விட்டே கிளம்பவில்லை என்று வானொலியில் சொன்னார்கள். உன் அத்தை படகுத்துறைக்கும் வீட்டுக்குமாக நடந்து தீவில் ஒரு புதுப்பாதையே போட்டுவிட்டாள்.

நீ தவறவிட்டதைச் சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், விளக்கேற்றும் நேரம். கதவைத் தட்டினார்கள். "வேடக்காரங்கள உள்ள விடுவீங்களா?"

ஐந்து பேர். முதல் ஆள் பாவாடையில். "இந்த முழங்காலப் பாத்தா வால்ரஸே வழிவிடும்! திரையத் தூக்கு, ஹெட்லி!" என்றேன். தூக்கினான். அடுத்தது அவன் பெண்டாட்டி. மூன்றாவது கடைக்காரன் கார்லண்ட். ஆட்டத்தின் நடுவிலும் என் அலமாரியில் எந்தச் சாமான் வேறு கடையில் வாங்கியது என்று பார்த்துக்கொண்டிருந்தான். நான்காவது கோவில் மணியடிக்கிறவன். நாலும் நாலு மூச்சில்.

ஐந்தாவது ஆள் கதவோரப் பலகைமேல் நின்றாள். மஞ்சள் மழைக்கோட்டு, முகத்தில் லேஸ் திரை. முழங்கால்வரை நனைந்திருந்தாள். ஆடவில்லை. பேசவில்லை. தீவிலிருக்கும் பெண்கள் அத்தனை பேர் பெயரும் சொன்னேன். பிறகு ஆண்கள். பிறகு கல்லறையில் இருப்பவர்கள் சிலர். தலை அசையவே இல்லை.

"இந்தாங்க, தோத்துட்டேன்னு சொல்லித் தொலைங்களேன். அது நின்னுக்கிட்டே இருக்கு," என்றாள் உன் அத்தை.

"யாரு, நானா? அம்ப்ரோஸ் டோபினா?" என்று மார்தட்டினேன். நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வாயில் வந்ததை விட்டேன். "அடடா, இது என் மருமக நோலா இல்ல? கப்பல் வரலைன்னு நடந்தே வந்துட்டியா, கண்ணு?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் மெதுவாகத் தலையாட்டினாள். ஆமாம் என்று.

"அப்ப திரையத் தூக்கு!" என்றேன். தூக்கவில்லை. கேக்கைத் தொடவில்லை. திரும்பி நடந்து போய்விட்டாள். மறுநாள் ஹெட்லியைக் கேட்டால், "கார்லண்ட் கூட்டிட்டு வந்தான்னு நெனச்சேன்" என்கிறான். கார்லண்டைக் கேட்டால் ஹெட்லியைக் கைகாட்டுகிறான். பலகையில் தேங்கிய தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

எப்படி என் கதை? இதற்காகவாவது அடுத்த கப்பலில் வா.

மாமா

பி.கு. இது கதை இல்ல கண்ணு. நானும் பாத்தேன். இங்க இல்லாத ஆளோட பேர வேடத்துக்குக் குடுக்கக் கூடாதுன்னு இந்தத் தீவுல கொழந்தைக்கும் தெரியும். இவர் வாய்க்குத்தான் தெரியல. – அத்தை

*

செயின்ட் ஜான்ஸ்
14 ஜனவரி 1988

மாமா,

நலமா என்று கேட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். இது உங்கள் வேலையா?

விடுமுறை முழுக்க நான் அறையைவிட்டு வெளியே வரவில்லை. ரொட்டியும் ஜாமும் வைத்துச் சமாளித்தேன். புத்தாண்டுக்குப் பிறகு ஒருநாள் சாப்பாட்டுக்கூடத்துக்குப் போனால், பரிமாறும் அம்மாள், "என்னடி, நேத்து சிரிச்சு சிரிச்சு ரெண்டு தட்டு பட்டாணி சூப் குடிச்சே, இன்னிக்கு ஏன் மூஞ்சி இப்படித் தொங்குது?" என்கிறார். நேற்று நான் கட்டிலில் இருந்தேன்.

பிறகு வகுப்பு. முதல் வகுப்புக்கு நான் போகவில்லை. இரண்டாவதில் பேராசிரியர் என்னை நிறுத்தி, "போன தடவை நீ கேட்ட கேள்வி அருமை" என்றார். அவர் என் பெயரைச் சொன்னார், மாமா. முழுதாக. இருமாமல்.

நேற்று பதிவு அலுவலகத்துக்குப் போனேன். ஊர் திரும்புகிறேன், என் இடத்தை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சொல்லத்தான். அங்கிருந்த பெண், "நீதான் திங்கக்கிழமையே வந்து கையெழுத்துப் போட்டியேம்மா. உன் கோட்டுலேருந்து தண்ணி சொட்டி நான்தான் தொடச்சேன்" என்றார். கையெழுத்தைக் காட்டினார். என்னுடையது போலவே இருந்தது. என்னுடையதைவிடத் தெளிவாகவும் இருந்தது.

அறைக்கு வந்தால் உங்கள் டிசம்பர் கடிதம் கிடக்கிறது.

விளையாட்டுக்கு யாரையாவது இங்கே அனுப்பியிருந்தால் சொல்லிவிடுங்கள், சிரித்துவிடுகிறேன். இல்லையென்றால், மாத இறுதியில் விமானம் ஏறப்போகிறேன். ஆனால் நான் போய்விட்டால் இங்கே இருக்கப்போவது யார்?

நோலா

*

டாக்பெரித் தீவு
27 ஜனவரி 1988

நோலா,

நான் யாரையும் அனுப்பவில்லை.

பாதிரியாரிடம் சொன்னேன். "அம்ப்ரோஸ், போன தடவ உன் வலையில சிக்குன திமிங்கலம் ஜெபம் சொல்லிச்சுன்னியே, அந்த மாதிரியா?" என்றார். ஹெட்லி தரையில் உருண்டு சிரித்தான். ஆயுள் முழுக்கப் பொய் சொன்னவனுக்கு ஒரே ஒரு உண்மையைக் கொடுத்துப் பார்க்கிறார் கடவுள். அதை வைத்துக்கொண்டு நான் வீடுவீடாக அலைகிறேன், வாங்க ஆளில்லை.

நானே கிளம்பி வந்திருப்பேன். கடலில் உறைபனி. படகுக்குத் தடிமன், நடக்க மெல்லிசு. கடைத் தொலைபேசிக் கம்பி பனிப்புயலில் அறுந்து கிடக்கிறது. தபால் ஹெலிகாப்டர் ஓட்டுபவனைக் கெஞ்சினேன். தபால் பையை மட்டும்தான் ஏற்றுவானாம், என் பொய்களின் எடையை யந்திரம் தாங்காதாம். அவனும் சிரிக்கிறான்.

கொடுத்த பெயரைக் கொடுத்தவன்தான் முகத்துக்கு நேராகத் திரும்பக் கேட்க வேண்டும். அதுவரை விமானம் ஏறாதே. உன் இடத்தைக் காலியாக விடாதே. பையில் ரொட்டி வை. சிரிக்காதே, வை.

மாமா

பி.கு. கண்ணு, நான் சொல்றதக் கேளு. அதுக்குக் கெடச்சிருக்கிறது நீ விட்டுட்டுப் போன எடந்தான். நீ போகாத வகுப்புக்கு அது போவுது. நீ சாப்பிடாத சாப்பாட்ட அது சாப்பிடுது. அதனால நீ ஒண்ணு விடாம போ. நாற்காலியில மொதல்ல போய் உக்காரு. பேரக் கூப்பிட்டா கூரை அதிரக் கத்து. நாலு பேரோட உக்காந்து சாப்பிடு. நோலான்னு அங்க யாராவது கூப்பிட்டா மட்டும் திரும்பாத. அந்தப் பேர் அங்க யாருக்கும் தெரியாது. – அத்தை

*

செயின்ட் ஜான்ஸ்
21 பிப்ரவரி 1988

அன்புள்ள அத்தை, மாமா,

இருமலும் முழங்காலும் எப்படி? நான் உயிரோடு, பையில் ரொட்டியோடு இருக்கிறேன்.

அத்தை சொன்னபடியே செய்கிறேன். எல்லா வகுப்புக்கும் முதல் ஆள் நான். முன்வரிசை. பேராசிரியர் வாயைத் திறக்கும்போதே எழுந்து, "ஃபினோலா! ஆஜர்!" என்று கத்துகிறேன். முதல் வாரம் சிரித்தார்கள். அடுத்த வாரம் வகுப்பே சேர்ந்து கத்தியது. போனவிஸ்டா என்ற ஊரிலிருந்து வந்த ஒருவன், "ஏய் ஆஜர், இங்க வா, உக்காரு, உப்புக்கண்டம் ஆறுது" என்று கூப்பிட்டான். இப்போது அவர்கள் மேசையில்தான் சாப்பிடுகிறேன். மறுத்தால் என் தட்டு யார் கைக்குப் போகும் என்று பயந்து ஒரு விருந்தையும் மறுப்பதில்லை. யோலாண்ட் கூட்டிப்போகும் இடமெல்லாம் போகிறேன். ஆடத் தெரியாமல் ஆடுகிறேன்.

போன செவ்வாய் நடந்ததைச் சொல்ல வேண்டும். வழக்கம்போல் கத்தினேன். பின்வரிசையிலிருந்து இன்னொரு "ஆஜர்" வந்தது. என் குரல். எதிரொலி என்று எல்லோரும் சிரித்தார்கள். எதிரொலி நான் சொன்ன பிறகுதானே வர வேண்டும்? இது ஒரு கணம் முன்னால் வந்தது. திரும்பிப் பார்த்தேன். காலி இருக்கை. போய்த் தொட்டேன். ஈரம்.

வெளியே ஓடினேன். மூடுபனி. வாகனங்கள் நிறுத்தும் இடத்துக்கு அப்பால் மஞ்சள் கோட்டு துறைமுகம் பக்கம் போய்க்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தை நானே அறிந்ததில்லை, மாமா. "அது என் பேரு! குடுத்துட்டுப் போ!" என்று கத்தினேன். நின்றாள். திரும்பவில்லை. பின்னாலேயே ஓடிவந்த யோலாண்ட், "யாரைத் திட்டுற? உனக்குக் கோபம்கூட வருமா? நான் உன்ன ஒரு தலையணைன்னுல்ல நெனச்சேன்!" என்றாள்.

மஞ்சள் கோட்டுக்காரி முன்னைவிட மெலிந்திருந்தாள் என்று எனக்குத் தோன்றியது. முன்னே எப்படி இருந்தாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அவள் நின்ற விதம் தெரியும். தட்டோடு நின்று, எந்த மேசையில் உட்காருவது என்று பார்ப்பவள் அப்படித்தான் நிற்பாள்.

உங்கள்
நோலா

*

டாக்பெரித் தீவு
19 மார்ச் 1988

அன்பு மருமகளுக்கு,

நாங்கள் இருவரும் இருக்கிறோம். நீ நன்றாகச் சாப்பிடுகிறாய் என்று எழுதியதை உன் அத்தை இரண்டு தடவை உரக்கப் படிக்கச் சொன்னாள்.

அடுத்த கிறிஸ்துமஸ் வரை காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. நேற்று பொழுது சாயும் நேரத்தில் கதவைத் திறந்து வைத்தேன். "தவக்காலத்துல வேடக்காரங்களா? உனக்கு மூளை கழண்டுபோச்சு, நான் வரல" என்று ஹெட்லி வேலியோடு நின்றுவிட்டான். ஒருவரும் வரவில்லை. நானும் செலீனாவும் மட்டும். வாசலில் நின்று உறைந்த கடலைப் பார்த்து, "வேடக்காரங்க உள்ள வரலாம்!" என்று கூவினேன்.

வந்தாள். நடக்க முடியாத பனியின்மேல் நடந்து வந்தாள். அதே பலகையில் நின்றாள். கோட்டு உடம்பில் தொளதொளவென்று தொங்கியது.

நான் வாயைத் திறந்தேன். உனக்குத் தெரியும், திறந்தால் என்ன வரும் என்று. 'இந்த மகாசமுத்திரத்தில் எனக்குத் தெரியாத ஆளா' என்ற வாக்கியம் பாதி தூரம் வந்துவிட்டது. உலகத்தில் யார் முன்னாலும் தோற்றுவிடலாம், மருமகளே; உன் அத்தை முன்னால் தோற்றால் கல்லறையிலும் சொல்லிக்காட்டுவாள். அவள் என் முதுகில் கைவைத்தாள். "சொல்லுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நீ நோலா இல்ல. நோலா என் தங்கச்சி மக. அந்தப் பேரு என்னோடது இல்ல, ஒனக்குக் குடுக்க எனக்கு உரிமையும் இல்ல. திருப்பி வாங்கிக்கறேன். நீ யாருன்னு எனக்குத் தெரியல. தோத்துட்டேன்."

அடுப்பில் விறகு வெடித்தது. தோற்றவன் முன் திரையைத் தூக்க வேண்டும் என்பது வழக்கம். அவளுக்கும் வழக்கம் தெரிந்திருந்தது. இரண்டு கையாலும் தூக்கினாள்.

மற்றதை நேரில் சொல்கிறேன். உனக்கு இனி ஒன்றும் வராது.

மாமா

உன் அத்தை இன்று பின்குறிப்பு எழுதவில்லை. பேனா எங்கோ கைமறதியாம்.

*

செயின்ட் ஜான்ஸ்
24 ஏப்ரல் 1988

என் அருமை மாமாவுக்கும் அத்தைக்கும்,

நான் சுகம், சுகம், சுகம். பரீட்சை முடிந்தது. கோடை ஆய்வுக்கும் இருக்கப்போகிறேன். வருஷத்தை முழுதாக முடித்துத்தான் ஊர் திரும்புவேன். மார்ச்சுக்குப் பிறகு ஓர் ஈரமான நாற்காலிகூட இல்லை.

இப்போது மாட்டிக்கொண்டீர்கள். யோலாண்டிடம் எல்லாக் கடிதங்களையும் படித்துக்காட்டினேன். அவள் முகம் பீட்ரூட் ஆகிவிட்டது. ஜனவரியில் என் கையெழுத்தைப் போட்டவள் அவள்தானாம்! "நீ மூட்ட கட்டப்போறேன்னு தெரிஞ்சது. நீ இல்லாத அறையில யாரைக் கிண்டல் பண்றது? அதான் போட்டேன். மழையில நனைஞ்சு போய்ப் போட்டேன்" என்கிறாள். பரிமாறும் அம்மாள் யோலாண்டையே வாரம் மூன்று பெயரில் கூப்பிடுகிறார். மஞ்சள் கோட்டு இந்த ஊரில் பாதிப் பேரிடம் இருக்கிறது. பேராசிரியர் பாராட்டிய கேள்வியையும், வகுப்பில் முன்னால் வந்த அந்தக் குரலையும் மட்டும் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

"உன் மாமா மகா புத்திசாலி. உன்ன வகுப்புக்கு அனுப்பவே ஒரு பேயக் கண்டுபிடிச்சிருக்கார்," என்கிறாள். நானும் அப்படித்தான் முடிவு செய்திருக்கிறேன். ஆனால் ஜூனில் முதல் கப்பலில் வருமுன் எழுத்தில் பதில் வேண்டும். ஐந்தாவது ஆள் என்று யாரும் வரவில்லைதானே? திரைக்குப் பின்னால் என்ன இருந்தது என்று எழுதப் போகிறீர்கள்?

முத்தங்களுடன்,
நோலா (இரு இடத்திலும் ஆஜர்)

*

டாக்பெரித் தீவு
8 மே 1988

பல்கலைக்கழகத்தை வென்ற மருமகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பனி உடைந்துவிட்டது, கோழிகள் முட்டையிடுகின்றன, உன் அத்தை உன் படுக்கைக்கு நாலாவது போர்வை தேடுகிறாள்.

பிடிபட்டேன். ஒப்புக்கொள்கிறேன். என் கால்சட்டை போர்ச்சுகலில் இல்லை. அலமாரியில் இருக்கிறது, இடுப்புதான் சேரவில்லை. திமிங்கலம் ஜெபம் சொல்லவில்லை, வெறுமனே இருமியது. ஐந்தாவதாக வந்தவள் கார்லண்டின் கொழுந்தியாள். பல்வலியில் கன்னம் பூசணிக்காயாக வீங்கி, பேசவும் முடியாமல் திரையைத் தூக்கவும் வெட்கப்பட்டு ஓடிவிட்டாள். நனைந்தது, வழியில் ஓடையில் விழுந்ததால். மார்ச்சில் ஒருவரும் வரவில்லை. திறந்த கதவைப் பார்த்து நான் நாடகமாடினேன், உன் அத்தைக்குச் சளி பிடித்ததுதான் மிச்சம். உன்னை அங்கேயே உட்கார வைக்க என் மூளையில் உதித்த மகத்தான உபாயம் அது. யோலாண்டிடம் சொல், அவள் போன்ற ரசிகை கிடைக்கத்தான் நான் காத்திருந்தேன்.

படகுத்துறையில் நிற்பேன். அடையாளம்: கூட்டத்திலேயே அழகன்.

அம்ப்ரோஸ் மாமா

பி.கு. உன் அத்தைக்கு இதை எழுத மனமில்லை. நான் எழுதுகிறேன். மேலே இருப்பதை நம்பிக்கொள். ஒரு சின்னப் பகுதி மட்டும் உண்மை. மார்ச்சில் வந்தவள், பெயரைத் திரும்ப வாங்கிய பிறகும் போகவில்லை. அவளைக் கூப்பிட இனி ஒரு பெயரும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாயிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அந்தத் தண்ணீரோடே ஏதோ கேட்டாள்; ஒரு பெயர்தான் என்று எங்களுக்குப் புரிந்தது. எங்களுக்குக் கல்யாணமான வருஷத்தில், பெண் பிறந்தால் வைக்க என்று செலீனாவும் நானும் ஒரு பெயர் எடுத்து வைத்திருந்தோம். யாரிடமும் சொன்னதில்லை, வைப்பதற்கு ஆளும் வரவில்லை. செலீனா எழுந்து போய் அவள் ஈரக் காதில் அதைச் சொன்னாள். அவள் ஒரு முறை, சட்டையைப் போட்டுப் பார்ப்பதுபோல், அதைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு பனிமேல் நடந்து போனாள். செலீனா அந்தப் பெயரைச் சொல்லி அவளைப் பின்னாலிருந்து கூப்பிட்டாள். அவள் திரும்பிப் பார்த்தாள். அது மட்டும் உண்மை.